கர்ப்பப்பை லைனிங் டெஸ்ட்: பைப்பெல், டி அண்ட் சி, ஸ்கோப்... யாருக்கு எது சரி?

வீட்ல யாருக்காவது ரத்தப்போக்கு ஒழுங்கில்லாம வந்து, டாக்டர் "உள்ளருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்மா"ன்னு சொன்ன உடனே அடுத்த குழப்பம் எப்படி எடுக்கறதுங்கறதுதான். ஒரு டாக்டர் ஓபிலயே சின்ன டியூப் விட்டு எடுத்துடலாம்னு சொல்றாங்க, இன்னொரு இடத்துல அட்மிட் ஆகி மயக்கம் குடுத்து டி அண்ட் சி பண்ணனும்னு எழுதிக் குடுக்கறாங்க, மூணாவது இடத்துல ஸ்கோப் போட்டுப் பாக்காம எடுக்கக் கூடாதுங்கறாங்க, நடுவுல சொந்தக்காரங்க வேற "அதான் புள்ள பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பையையே எடுத்துட்டா நிம்மதி"ன்னு ஒரு பக்கம் இழுப்பாங்க.

நான் டாக்டர் கிடையாது. பாண்டிச்சேரில ஒரு லேப்ல சதை டெஸ்ட் பிரிவுல டெக்னீசியனா இருக்கேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர், பாகூர்னு சுத்துவட்டாரத்துல எடுக்கற சாம்பிள் பாட்டில் எங்க மேஜைக்கு வரும். எந்த முறைல எடுத்தா எவ்ளோ சதை வருது, எதுல ரிசல்ட் தெளிவா சொல்ல முடியுது, எதுல "திரும்ப எடுத்து அனுப்புங்க"ன்னு எழுத வேண்டியதாகுதுன்னு தினமும் பாக்கறோம். ரிப்போர்ட் வாங்க வர்ற அக்காங்களும் அவங்களக் கூட்டிட்டு வர்ற பொண்ணுங்களும் கவுண்டர்ல நின்னு கேக்கற கேள்விக்கெல்லாம் சேத்துதான் இதை எழுதறேன். முடிவு உங்க டாக்டரோட உக்காந்து பேசி எடுக்கறதுதான், ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சுகிட்டுப் போங்க.

எதை வெச்சு முடிவு பண்றது

பணத்தை முதல்ல வெக்காதீங்க. நான் பாக்கற வரிசை இதுதான்:

- சந்தேகப்படற நோய் லைனிங் (கர்ப்பப்பையோட உள்பக்கச் சதை) முழுக்கப் பரவியிருக்கற மாதிரி தெரியுதா, இல்ல ஒரே ஒரு இடத்துல கட்டி மாதிரி இருக்கா? பாதி முடிவு இதுலயே வந்துடும்.
- டெஸ்ட் பண்ற அளவுக்கு சதை கிடைக்குமா?
- வலி, மயக்க மருந்து. சுகர், பிரஷர், இதயப் பிரச்சனை, ரத்தசோகை இருக்கறவங்களுக்கு மயக்கம் குடுக்கறது சின்ன விஷயம் இல்ல.
- ஒரே தடவைல முடியுமா, இல்ல இன்னொரு தடவை வரணுமா?
- மொத்த செலவு. ஆஸ்பத்திரி பில் மட்டும் இல்ல, லேப் சார்ஜ், பஸ், கூட வர்றவங்க கூலி எல்லாம் சேத்து.

அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன்

கீழ் வழியா பண்ற ஸ்கேன்ல லைனிங் எவ்ளோ தடிமன்னு மில்லிமீட்டர்ல போட்டுக் குடுப்பாங்க. பீரியட்ஸ் நின்னு 12 மாசம் ஆனதுக்கப்புறம் ரத்தம் பட்டவங்களுக்கு இந்த நம்பர் ரொம்ப முக்கியம். 4 மி.மீ. இல்ல அதுக்கும் கீழன்னா புற்றுநோய் இருக்க வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கம்மி, அதனால பல டாக்டருங்க உடனே சதை எடுக்காம கவனிச்சுப் பாக்கலாம்னு சொல்வாங்க. ஆனா ரத்தப்போக்கு திரும்பத் திரும்ப வந்தா அந்த 4ஐ நம்பி உக்காரக் கூடாது, ஏன்னா சில முரட்டு வகை புற்றுநோய் மெல்லிசான லைனிங்லயும் வரும்.

பீரியட்ஸ் இன்னும் வந்துட்டு இருக்கறவங்களுக்கு இந்த கணக்கு பொருந்தாது. மாசத்துக்குள்ளயே அந்த தடிமன் ஏறி இறங்கும், பீரியட்ஸ் முடிஞ்ச கையோட 4 மி.மீ. இருக்கறது அடுத்த பீரியட்ஸ்க்கு முன்னாடி 15, 16 வரைக்கும் கூட போகும், அது நார்மல்தான். அதனால "ஸ்கேன்ல 14 போட்டிருக்கு, கேன்சரா தம்பி"ன்னு பயந்து போய் கேக்கறவங்களுக்கு நாங்க சொல்றது எத்தனாவது நாள்ல ஸ்கேன் எடுத்தீங்கன்னு பாருங்கன்னுதான். நம்ம நாட்டு மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 40 வயசு தாண்டி ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு இருந்தாலே லைனிங்க சோதிக்கச் சொல்லுது, அமெரிக்காவுல 45. அதுக்குக் கீழ இருந்தாலும் உடம்பு அதிகம், பிசிஓடி, சுகர், மாத்திரை போட்டும் நிக்காத ரத்தப்போக்கு, குடும்பத்துல குடல் இல்ல கர்ப்பப்பை புற்றுநோய், இதெல்லாம் இருந்தா எடுத்துப் பாக்கணும்.

இன்னொன்னு, அடிக்கடி பாக்கற குழப்பம். "போன வருசம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு, திரும்ப எதுக்கு"ன்னு கேப்பாங்க. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கு. உள்ள இருக்கற லைனிங்க அது பாக்காது.

பைப்பெல்: ஓபிலயே எடுக்கறது

3 மி.மீ. சொச்சம் தடிமன்ல வளையற பிளாஸ்டிக் டியூப், உள்ள ஒரு பிஸ்டன் இருக்கும். கர்ப்பப்பை வாய் வழியா உள்ள விட்டு பிஸ்டனை இழுத்தா உறிஞ்சற அழுத்தம் உண்டாகும், டியூபை சுத்திச் சுத்தி மேலயும் கீழயும் நகத்தினா பக்கவாட்டு ஓட்டை வழியா சதை உள்ள வந்துடும். மொத்தமே சில நிமிசம்தான். வெறும் வயித்துல வரணும்னு இல்ல, மயக்கம் வேண்டாம், அட்மிஷன் வேண்டாம். வலி இருக்கும், பீரியட்ஸ் வலி பலமா வந்தா எப்படி இருக்கும் அப்படி சுருக்குனு பிடிக்கும், எடுத்து முடிச்சதும் குறைஞ்சுடும். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, கேக்காம விட்டா பல இடத்துல சொல்ல மாட்டாங்க.

இந்த சாம்பிள் எங்ககிட்ட எப்படி வரும்னு சொல்றேன். பாட்டிலத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா பாதி ரத்தக்கட்டி, கொஞ்சம் கொழகொழன்னு சளி, அதுக்கு நடுவுல வெளிறின பழுப்பு நிறத்துல நூல் நூலா சதை. எல்லாத்தையும் ஃபில்டர் பேப்பர்ல ஊத்தி ஒரு துணுக்கு கூட விடாம மடிச்சு கேசட்ங்கற சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வெப்போம், ராத்திரி முழுக்க மெஷின்ல ஓடி, மெழுகுல பதிச்சு, மறுநாள் 3, 4 மைக்ரான் மெல்லிசா சீவி, கலர் ஏத்தி டாக்டர் மைக்ராஸ்கோப்புக்குப் போகும். அந்த நூல் நூலா இருக்கறது போதுமான அளவு இருந்தா டி அண்ட் சி சாம்பிளுக்கு எந்த விதத்துலயும் குறைச்சல் இல்ல. "சின்ன டியூப்ல எடுத்தா சரியா தெரியாது, பெரிசா சுரண்டி எடுத்தாதான் தெரியும்"னு ஒரு நெனப்பு இங்க ஊறிப் போயிருக்கு, அதை மாத்தத்தான் இவ்ளோ சொல்றேன். 2000ல பல ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, பீரியட்ஸ் நின்னவங்ககிட்ட இருந்த புற்றுநோயை பைப்பெல் 99 சதவீதத்துக்கு மேல கண்டுபிடிச்சிருக்கு, நிக்காதவங்ககிட்ட 91 சதவீதம்.

அப்ப எதுல கோட்டை விடும்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தாதான் சரி. புற்றுநோயோ ஹைப்பர்பிளாசியாவோ (லைனிங் அளவுக்கு மீறி தடிச்சு வளர்றது) லைனிங் முழுக்கப் பரவியிருந்தா எந்த இடத்துல எடுத்தாலும் மாட்டும். ஒரு ஓரமா பாலிப் (காம்பு மாதிரி வளர்ற சின்ன சதை) தொங்கிட்டு இருந்தா டியூப் அதைத் தள்ளிட்டுப் பக்கத்துல இருக்கற நல்ல சதையை எடுத்துட்டு வந்துடும், ரிப்போர்ட்டும் நார்மல்னு வந்துடும், ரத்தப்போக்கு மட்டும் நிக்கவே நிக்காது.

மறைமுக செலவு இதுலதான் இருக்கு. பீரியட்ஸ் நின்னவங்களுக்கு பைப்பெல் எடுத்தா கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு "சாம்பிள் போதாது"ன்னு வரும். லைனிங் சுருங்கிப் போயிருந்தா எடுக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது, அதனால வர்றதும் உண்டு. சிலருக்கு கர்ப்பப்பை வாய் இறுகிப்போய் டியூபே உள்ள போகாது. அப்ப இன்னொரு தடவை வரணும், இன்னொரு முறைல எடுக்கணும். அந்த ரெண்டாவது செலவையும் மனசுல வெச்சுக்கோங்க.

டி அண்ட் சி: மயக்கம் குடுத்து சுரண்டி எடுக்கறது

கர்ப்பப்பை வாயை விரிச்சு, கரண்டி மாதிரி கருவியால உள்சுவரை சுரண்டி எடுப்பாங்க. சதை நிறைய வரும், பாட்டில் அடில நல்லா தெரியற அளவுக்கு. ஆனா நிறைய வருதுங்கறதால எல்லா இடத்துலருந்தும் வருதுன்னு அர்த்தம் இல்லங்க. 1975லயே ஒரு ஆய்வு வந்தது, கர்ப்பப்பையை எடுக்கறதுக்கு முன்னாடி டி அண்ட் சி பண்ணிட்டு, எடுத்ததுக்கப்புறம் திறந்து பாத்திருக்காங்க, நூத்துக்கு 60 பேருக்கு உள்சுவர்ல பாதி கூட சுரண்டப்படல. இதுவும் கண்ணை மூடிட்டு எடுக்கற முறைதான், பாலிப்பை இதுவும் தவற விடும். மயக்க மருந்து, தியேட்டர் சார்ஜ், அனஸ்தீஸியா டாக்டர் ஃபீஸ், ஒரு நாள் அட்மிஷன், அதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட், இசிஜி எல்லாம் சேந்தும் பைப்பெல்லுக்கு இருக்கற அதே ஓட்டை இதுக்கும் இருக்கு. கர்ப்பப்பைல ஓட்டை விழறது, தொற்று, பின்னால உள்ள ஒட்டிக்கறதுன்னு அரிதா வர்ற பாதிப்பும் உண்டு, குழந்தைக்கு இன்னும் முயற்சி பண்றவங்க அந்த ஒட்டிக்கறதைப் பத்தி கட்டாயம் கேக்கணும்.

"கிளீன் பண்ணிட்டா சரியாயிடும்"னு சொல்லி பண்ணிக்கறவங்க நிறைய. அந்த மாசம் ரத்தப்போக்கு நிக்கும், அடுத்தடுத்த மாசத்துல பழையபடி வந்துடும், காரணம் அப்படியே உள்ளதானே இருக்கு. இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு அதிக ரத்தப்போக்குக்கு டி அண்ட் சியை சிகிச்சையா குடுக்காதீங்கன்னே 2018 வழிகாட்டுதல்ல எழுதியிருக்கு.

அப்ப யாருக்கு இது சரி? ரத்தம் கொட்டிட்டு இருக்கு, ஹீமோகுளோபின் இறங்கிட்டே போகுது, உடனே நிறுத்தணும், அதோட சாம்பிளும் வேணும்ங்கற நிலைமைல இதுதான் கை கொடுக்கும். பைப்பெல் உள்ள போகல, ஸ்கோப் வசதி பக்கத்துல இல்ல, காத்திருக்கவும் முடியலன்னாலும் இதுதான். வேற காரணம் சொல்லாம வழக்கமா இதுதான் பண்ணுவோம்னு சொன்னா, "பைப்பெல் ஏன் எனக்கு ஒத்து வராது டாக்டர்"னு ஒரு கேள்வி கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

ஹிஸ்டரோஸ்கோப்பி: ஸ்கோப் போட்டுப் பாத்து எடுக்கறது

மெல்லிசான கேமராவை உள்ள விட்டு, சலைன் தண்ணியால உள்ளறையை விரிச்சு, ஸ்கிரீன்ல பாத்துட்டே சந்தேகமான இடத்துல எடுப்பாங்க. பாலிப் இருந்தா அங்கயே வெட்டி எடுத்துடலாம், டெஸ்டும் சிகிச்சையும் ஒரே தடவைல முடிஞ்சுடும். எங்களுக்கும் இந்த சாம்பிள் வந்தா வேலை தெளிவா இருக்கும், ஏன்னா ஃபார்ம்ல "பின்சுவர்ல 1 செ.மீ. பாலிப், மத்த இடம் மெல்லிசு"ன்னு எழுதி வரும், ரெண்டையும் தனித்தனி பாட்டில்ல போட்டு அனுப்புவாங்க.

ஸ்கேன்ல பாலிப்னு சந்தேகம் போட்டிருந்தா, பைப்பெல் நார்மல்னு வந்தும் ரத்தம் நிக்கலன்னா, "சாம்பிள் போதாது"ன்னு வந்திருக்கு ஆனா ஸ்கேன்ல லைனிங் தடிப்பா இருந்தா, இந்த மூணுலயும் வேற யோசனை வேண்டாம், ஸ்கோப்தான். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்தம் பட்டாலும் அப்படித்தான், அந்த மாத்திரைல ஸ்கேன்ல லைனிங் வீங்கின மாதிரி தெரியும், பாலிப்பும் அதிகம் வரும், ஸ்கேன் நம்பரை மட்டும் நம்ப முடியாது. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு ஸ்பெகுலம் (கீழ் வழியை விரிச்சுப் பாக்கற கருவி) போடாமலே மெல்லிசான ஸ்கோப்பை உள்ள விடற முறை இருக்கு, வீட்ல தயங்கறவங்க இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

சின்ன ஸ்கோப் வெச்சு மயக்கம் இல்லாமலே ஓபில பண்ற இடங்களும் உண்டு, ஆனா நம்ம பக்கம் நிறைய இடத்துல தியேட்டர்ல மயக்கத்தோடதான் பண்றாங்க, அப்ப டி அண்ட் சிக்கு ஆகற அத்தனை செலவும் ஆகி அதுக்கு மேல ஸ்கோப் சார்ஜும் வரும். பண்ருட்டி பக்கத்து கிராமத்துலருந்து பாண்டிக்கு வந்து, டெஸ்டுக்கு ஒரு நாள், ஸ்கோப்புக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள்னு அலையணும், கூட வர்றவங்க கூலியும் போகும். அரசு ஆஸ்பத்திரில செலவு மிச்சம், தேதி கிடைக்கறதுக்குத்தான் காத்திருக்கணும். லைனிங் முழுக்கத் தடிச்சிருக்கு, புற்றுநோய் சந்தேகம் பலமா இருக்குன்னா ஸ்கோப் தேதிக்காக மூணு நாலு வாரம் காத்திருக்கறதை விட இன்னைக்கே பைப்பெல் எடுத்துட்டுப் போறது நல்லதுங்கறது என் அபிப்பிராயம். பாசிட்டிவ்னு வந்துட்டா அதுவே போதும், ஸ்கோப்பே வேண்டியதில்ல.

தண்ணி விட்டு விரிக்கும்போது புற்றுநோய் செல் கருக்குழாய் (டியூப்) வழியா வயித்துக்குள்ள போயிடுமோன்னு பயப்படறவங்க இருக்காங்க. செல் போகலாம்னு சில ஆய்வுல வந்திருக்கு, ஆனா அதனால ஆயுசு குறையுதுன்னு நிரூபணம் ஆகல.

டெஸ்டே வேண்டாம், எடுத்துடலாம்னு சொல்றது

இதையும் ஒரு வழியா நெனைக்கறவங்க இருக்கறதால எழுதறேன், ஆனா இதை நான் வழியா சேக்க மாட்டேன். லைனிங் டெஸ்ட் பண்ணாம கர்ப்பப்பையை எடுத்துட்டு, அப்புறம் எங்க மேஜைல திறந்து பாக்கும்போது உள்ள புற்றுநோய் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. புற்றுநோய்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சினைப்பை, டியூப், தேவைப்பட்டா நிணநீர் முடிச்சு எல்லாம் சேத்து திட்டம் போட்டு பண்ணியிருப்பாங்க. தெரியாம பண்ணினதால இன்னொரு ஆபரேஷனோ ரேடியேஷனோ தேவைப்படலாம். லேப்ராஸ்கோப்பில துண்டு துண்டா நறுக்கி வெளிய எடுத்திருந்தா இன்னும் மோசம், வயிறு முழுக்கப் பரவற ஆபத்து இருக்குன்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2014லயே எச்சரிக்கை விட்டிருக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. அடிப்பியா (செல்லோட உருவம் இயல்புக்கு மாறா இருக்கறது) இல்லாத ஹைப்பர்பிளாசியான்னு வந்தா அது 20 வருசத்துல புற்றுநோயா மாற வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கம்மி, ஹார்மோன் மாத்திரையோ மைரீனா மாதிரி ஹார்மோன் சாதனமோ வெச்சா பெரும்பாலானவங்களுக்கு சரியாயிடும். டெஸ்ட் பண்ணாததால, எடுக்கவே வேண்டாத கர்ப்பப்பையை எடுத்துடறோம். அடிப்பியா இருக்குன்னு டெஸ்ட்ல வந்தா, குழந்தை பெத்து முடிச்சவங்களுக்கு எடுக்கறதுதான் சரியான சிகிச்சை, அங்க தயங்க வேண்டாம்.

ஒரே பார்வைல

| | பைப்பெல் | டி அண்ட் சி | ஸ்கோப் |
|---|---|---|---|
| மயக்கம் | வேண்டாம் | வேணும் | இடத்தைப் பொறுத்து |
| முழுக்கப் பரவின நோய் | நல்லா தெரியும் | நல்லா தெரியும் | நல்லா தெரியும் |
| பாலிப், ஒரு இடத்துக் கட்டி | தவறலாம் | தவறலாம் | பாத்தே எடுக்கலாம் |
| கையோட சிகிச்சை | இல்ல | ரத்தப்போக்கு அப்போதைக்கு நிக்கும் | பாலிப்பை எடுத்துடலாம் |
| எதிர்பாராத செலவு | திரும்ப எடுக்க வேண்டி வரலாம் | தியேட்டர், மயக்கம், அட்மிஷன் | அதுவும் சேந்து ஸ்கோப் சார்ஜும், காத்திருப்பும் |

எந்த முறையா இருந்தாலும் கர்ப்பம் இல்லன்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும், பீரியட்ஸ் வந்துட்டு இருக்கறவங்க யூரின் டெஸ்ட் பண்ணாம விடக் கூடாது.

குழந்தையில்லாம வர்றவங்களுக்கு கணக்கே வேற

இங்க தேடறது பெரும்பாலும் டிபியும் நாள்பட்ட தொற்றும். லைனிங் மாசா மாசம் உதிர்ந்துடறதால டிபி முடிச்சு உருவாக நேரம் கிடைக்காது, அதனால அடுத்த பீரியட்ஸ் வர்றதுக்கு சில நாள் முன்னாடி எடுத்தாதான் மைக்ராஸ்கோப்ல மாட்ட வாய்ப்பு அதிகம். ஆனா ஸ்கோப் பண்றவங்க உள்ள தெளிவா தெரியணும்னு பீரியட்ஸ் முடிஞ்ச கையோட கூப்பிடுவாங்க. ரெண்டும் முட்டும். டிபிதான் முக்கிய சந்தேகம்னா எந்த நாள்ல எடுக்கப் போறீங்கன்னு முன்னாடியே பேசிடுங்க.

பாட்டிலும் ரெண்டு வேணும். ஒண்ணு ஃபார்மலின்ல (சதை கெடாம வெக்கற திரவம்), மைக்ராஸ்கோப்புக்கு. இன்னொண்ணு வெறும் சலைன்ல, கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பாக்கறது) ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் (கிருமியோட மரபணுவைத் தேடற பிசிஆர் டெஸ்ட்). மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டு அப்புறமா "கல்ச்சரும் பண்ணிடுங்க"ன்னு ஃபோன் பண்ணினா ஒண்ணும் செய்ய முடியாது, ஃபார்மலின் கிருமியைக் கொன்னுடும். லைனிங்ல டிபி இல்லன்னு வந்தாலும் டியூப்ல இருக்கலாம், அதனால அதோட முடிஞ்சுதுன்னு எடுத்துக்க முடியாது. அதே மாதிரி பிசிஆர் மட்டும் பாசிட்டிவ், வேற எதுலயும் அறிகுறி இல்லன்னா ஆறு மாச மருந்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க. ரத்தத்துல டிபி ஆன்டிபாடி பாக்கற டெஸ்ட்டை நம்ம அரசு 2012லயே தடை பண்ணிடுச்சு, யாராவது எழுதிக் குடுத்தா அதுக்குப் பணம் கட்டாதீங்க.

பாட்டிலும் ஃபார்மும்

எந்த முறைல எடுத்தீங்கங்கறதுக்கு சமமா இது முக்கியம், ஆனா யாரும் பேசறதே இல்ல. சாயங்காலம் எடுத்த சாம்பிளை ஃபார்மலின் இல்லன்னு சலைன்ல போட்டு, மறுநாள் மத்தியானம் பஸ்ல கொடுத்தனுப்பி எங்ககிட்ட வந்து சேரும். மூடியைத் திறந்தாலே வாடை வரும், சதை கரைஞ்சு தண்ணி கலங்கிப் போயிருக்கும், ஸ்லைடு போட்டா செல்லோட உருவமே இருக்காது. அந்த அம்மா மயக்கம் வாங்கி, வலி தாங்கி, பணம் கட்டி வந்தது அத்தனையும் வீண். எனக்கு அந்த பாட்டிலைப் பாத்தா வயிறு எரியும். சதையோட அளவுக்கு பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்கணும், எடுத்த உடனே அதுல போடணும். உங்க கைல பாட்டில் குடுத்து லேப்ல குடுத்துடுங்கன்னா "இது ஃபார்மலின்தானே"ன்னு நர்ஸ் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, பேரும் வயசும் லேபிள்ல சரியா இருக்கான்னும் பாருங்க.

அடுத்தது ஃபார்ம். நிறைய ஃபார்ம்ல பேரு, வயசு, "அதிக ரத்தப்போக்கு" அவ்ளோதான் இருக்கும். மைக்ராஸ்கோப்ல பாக்கற டாக்டருக்கு கடைசி பீரியட்ஸ் தேதி தெரியணும், அது தெரியாம லைனிங் அந்த நாளுக்கு ஏத்த மாதிரி இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது. அதை விட முக்கியம் ஹார்மோன் மாத்திரை. ரத்தத்தை நிறுத்த நாரெத்திஸ்டிரோன் மாத்திரை போட்டுட்டு வந்திருந்தா லைனிங் உருவமே மாறிப் போயிருக்கும், இருந்த ஹைப்பர்பிளாசியாவும் மறைஞ்சு தெரியும். டாமாக்சிஃபென், மைரீனா, ஹார்மோன் ஊசி எல்லாம் அப்படித்தான். சொல்லாம விட்டா ரிப்போர்ட் தப்பாகலாம். ஃபார்ம் எழுதறவங்க கேக்கலன்னாலும் நீங்களே மாத்திரை அட்டையைக் காட்டி எழுத வைங்க, ஸ்கேன் காப்பியும் கூட வைங்க.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

"ப்ரோலிஃபரேட்டிவ்", "செக்ரீட்டரி"ன்னு இருந்தா மாசச் சுழற்சில இருக்கற சாதாரண லைனிங். "அட்ரோஃபிக்"னா வயசுல சுருங்கினது. "இன்அடிக்வேட்"னு இருந்தா சதை போதல, அவ்ளோதான், அது நார்மல் ரிப்போர்ட் கிடையாது. இதைப் பெரிசா சொல்றேன், ஏன்னா "ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு"ன்னு சந்தோசமா ஃபைல்ல வெச்சுட்டு, மாசக்கணக்கா ரத்தம் பட்டுட்டே இருந்து திரும்ப வர்றவங்களைப் பாத்திருக்கேன்.

"அடிப்பிக்கல் ஹைப்பர்பிளாசியா"ன்னு வந்தா ரெண்டாவது அபிப்பிராயம் வாங்கறது பணத்தை வீணாக்கறது இல்ல. 2006ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்த ரிப்போர்ட் வந்தவங்களோட கர்ப்பப்பையை எடுத்துப் பாத்தப்ப நூத்துக்கு 43 பேருக்கு உள்ள ஏற்கனவே புற்றுநோய் இருந்தது. அதே ஸ்லைடுகளை நிபுணர் குழு திரும்பப் பாத்தப்ப, நாலுல ஒருத்தருக்கு அந்த அளவுக்கு இல்லன்னும், நாலுல ஒருத்தருக்கு மேல இது புற்றுநோயேதான்னும் மாத்திச் சொன்னாங்க. சதையும் அதேதான், ஸ்லைடும் அதேதான், பாக்கற கண்ணுல அவ்ளோ வித்தியாசம். புற்றுநோய்னே வந்துட்டா அந்த பயாப்ஸி சதைலயே பி53, எம்எம்ஆர் ஸ்டெயின் (எந்த வகை புற்றுநோய்னு காட்டற புரதங்களுக்கான சாயம்) போட்டுப் பாக்கச் சொல்வாங்க, 2023ல மாறின ஸ்டேஜிங் முறைல அதுக்கும் இடம் இருக்கு, குடும்பத்துல மத்தவங்களுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் (குடல், கர்ப்பப்பை புற்றுநோய் பரம்பரையா வர்ற நிலை) ஆபத்து இருக்கான்னும் அதுல துப்பு கிடைக்கும்.

இதுக்கெல்லாம் திரும்ப சதை எடுக்க வேண்டியதில்ல. எடுத்த சதை மெழுகு பிளாக்கா லேப்ல பத்திரமா இருக்கும். கோரிமேடு ஜிப்மருக்கோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ போறவங்க முதல் நாளே லேப்புக்கு வந்து ஸ்லைடு, பிளாக், ரிப்போர்ட் மூணையும் கேளுங்க, எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்போம். வெறும் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டு போனா ஸ்லைடு எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவாங்க, கடலூர்லருந்து போனவங்களுக்கு ஒரு நாள் போச்சு. ஸ்லைடு உடையாத மாதிரி டப்பாவுல வாங்கிக்கோங்க, பிளாக்கை வெயில்ல நிக்கற காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க, மெழுகு இளகிடும். அங்க பாத்து முடிச்சதும் பிளாக்கைத் திருப்பி வாங்கி எங்ககிட்டயே குடுத்துடுங்க, நாளைக்கு இன்னொரு ஸ்டெயின் தேவைப்பட்டா அதுலருந்துதான் சீவணும்.